ஹாலோவெல்லின் ஞானஸ்நானத்துக்கு ஒரு கமிட்டி

சாண்டி ஃபோர்க், வட கரோலினா
21 அக்டோபர் 1974

அன்பு மகள் லொரீனுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் இங்கே நல்ல சுகம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் போதகன் பொய் எழுதக் கூடாதே. அம்மா சுகம். எனக்கு ரத்தக் கொதிப்பு. காரணம் தெரியவில்லை என்கிறார் டாக்டர், எனக்குத் தெரியும், நம் சபையை நடத்தும் ஏழு டீக்கன்மார்தான் காரணம். ஆரிகனில் மழை பிடித்திருக்கும், நீயும் உன் வீட்டுக்காரர் வார்டும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா? அம்மா பின்னி அனுப்பிய ஸ்வெட்டரை அலமாரிக்குப் போட்டு வைக்காதே, உடம்புக்குப் போடு.

டர்னர் ஹாலோவெல்லை நீ மறந்திருக்க மாட்டாய். புகையிலைக் கிடங்கில் அந்த மனுஷன் ஏலம் கூவினால் ரயிலடி வரைக்கும் கேட்கும், நீ சின்னதில் அவரைப் போலவே கூவி நம் வீட்டுக் கோழிகளை ஏலம் விடுவாயே, அவர்தான். நாற்பது வருஷமாக அவர் சம்சாரம் ஓப்பல் கோயிலுக்குள் மூன்றாவது பெஞ்சில் இருப்பாள், அவர் வெளியே டிரக்கில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். வசந்தத்தில் அவருக்குத் தொண்டையில் புற்று என்று குரல்வளையையே எடுத்துவிட்டார்கள் கண்ணு. இப்போது கழுத்தடியில் ஒரு ஓட்டை, மூச்சு அது வழியாகத்தான். பேச்சு ஒரு சிலேட்டில். கிறிஸ்துமஸ் தாண்டினால் அதிசயம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, கடைசிப் பாட்டு பாடும்போது டிரக்கை விட்டு இறங்கி நேராக முன்னால் நடந்து வந்து சிலேட்டை நீட்டினார். எனக்கும் முழுக்கு வேணும், சீக்கிரம், என்று எழுதியிருந்தது. ஓப்பல் அழுதாள், நானும் அழுதேன். சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டதும் சபை முழுக்கக் கை தூக்கியது.

அதோடு விட்டார்களா! ஆளை முக்கினால் ஓட்டை வழியாகத் தண்ணீர் போய் அங்கேயே உயிர் போய்விடும். அதனால் கோயிலின் முழுக்குத் தொட்டியில் மார்பளவு உட்கார வைத்துத் தலையில் ஊற்றுகிறேன் என்று புதன்கிழமைக் கூட்டத்தில் சொன்னேன். தலைமை டீக்கன் ராயல் ப்ரூவிட் எழுந்தார். பாஸ்டரே, நாம பாப்டிஸ்ட், தெளிக்கிற ஆளும் இல்ல ஊத்துற ஆளும் இல்ல, முங்கினாத்தான் முழுக்கு, ஊத்தினா மெதடிஸ்ட், அதுக்கு அடுத்த தெருவுலயே கோயில் இருக்கேன்னார். இன்னொரு டீக்கன் டுவைட் இன்னும் ஒரு படி மேலே போய், ஓட்டைல ஒரு கார்க்க வச்சு அடைச்சுட்டா என்னன்னு கேட்டார். டுவைட்டு, அந்த ஆள் மூச்சு விடறதே அதுலதானய்யான்னேன். அதுக்கென்ன, ஒரு நிமிஷந்தானேங்கிறார்! இவர்களுக்கு முப்பது வருஷம் பிரசங்கம் பண்ணியதற்குப் பதில் செவிடன் காதில் சங்கு ஊதியிருக்கலாம்.

அப்புறம் பண்ணினேன் பார் ஒரு முட்டாள்தனம். கூட்டத்தை நடத்துகிற நாற்காலியில் இருப்பவன் தீர்மானம் கொண்டுவரக் கூடாது என்பது நம் முறை. ஆத்திரத்தில் நாற்காலியை விட்டு இறங்கி வந்து நானே தீர்மானம் கொண்டுவரப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் ராயல் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த கையோடு இதை ஆராய ஒரு கமிட்டி, மூன்று பேர், ஜனவரியில் அறிக்கை என்று அறிவித்துவிட்டார். கிறிஸ்துமஸுக்குத் தாங்காத மனுஷனுக்கு ஜனவரியில் அறிக்கையாம்! இதுவரை கமிட்டி செய்த ஒரே வேலை தொட்டியின் ஆழத்தை அளந்ததுதான். முதல் தடவை நாற்பத்திரண்டு அங்குலம், இரண்டாம் தடவை நாற்பத்தொன்று, அந்த ஒரு அங்குலம் எங்கே போனது என்று மூன்றாம் தடவை அளக்கப் போகிறார்கள்.

போன திங்கட்கிழமை ஹாலோவெல் நம் வீட்டு வாசலில் டிரக்கை நிறுத்தி ஹாரன் அடித்தார். பாதி ஆளாகிவிட்டார், பார்க்க மனசு தாங்கவில்லை. கமிட்டி என்ன சொல்லுதுன்னு எழுதிக் காட்டினார். அளக்கிறாங்கன்னேன். அதை அழித்துவிட்டு ஒரு தரம் என்று எழுதினார், கீழே ரெண்டு தரம் என்று எழுதினார், சாக்குக் கட்டியை அங்கேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். மூன்றாவதை எழுதவில்லை.

மறுநாள் மத்தியானம் அவர் பண்ணைக்குப் போய், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற தகரத் தொட்டியில் அவரை மார்பளவு உட்கார வைத்தேன். ஓப்பல் கழுத்தைச் சுற்றித் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பால் ஜாடியால் மூன்று தடவை தலையில் ஊற்றினேன். தண்ணீர் ஐஸ். மனுஷன் நடுங்கிக்கொண்டே சிரித்தார், அப்புறம் உள்ளங்கையால் தகரத்தை ஓங்கி ஒரு தட்டு தட்டினார், ஏலம் முடிந்தால் மேஜையைத் தட்டுவாரே, அப்படி.

யாரையும் கேட்காமல் செய்துவிட்டேன் என்று இந்தப் புதன்கிழமை கூட்டம் போட்டிருக்கிறார் ராயல். என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று சபை கை தூக்கும். போகச் சொன்னால் வீடும் போகும், வீடு சபையுடையதுதானே. அம்மாவோ, நான் ரெண்டு கையையும் தூக்குவேன், ராயல் ஏதாவது சொன்னா காலையும் தூக்குவேன்னு சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மகளே, எனக்கு வேலை போகிற பயம் இல்லை. தொட்டியிலிருந்து அவரைத் தூக்கும்போது உன் நினைப்புத்தான் வந்தது. விவாகரத்து ஆனவரைக் கட்டிக்கொண்டாய் என்று சபைப் பதிவிலிருந்து உன் பேரை அடிக்க ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே சபை கை தூக்கியது. நீ கடைசி பெஞ்சில் இருந்தாய். நான் அந்த நாற்காலியில் இருந்து எண்ணி, முப்பத்தேழு என்று உரக்கச் சொன்னேன். அது முறை என்று நினைத்தேன். இறங்கியிருக்க வேண்டிய நாள் அது. தப்பு என்னுடையது, கண்ணு. உன்னிடம் இதைச் சொல்ல ஒன்பது வருஷம் எடுத்திருக்கிறேன், கமிட்டியைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

கர்த்தர் உன்னையும் வார்டையும் கண்ணின் மணிபோல் காப்பாராக. அவருக்கும் என் வாழ்த்தைச் சொல், முதல் தடவையாகச் சொல்கிறேன் என்பதையும் சொல். புதன்கிழமை கணக்கு எப்படி வந்தாலும் சரி, வியாழக்கிழமை சாயங்காலம் போன் போடுவேன். நான்தான் என்று தெரிந்ததும் வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
லைல் அம்ஸ்டெட்