புகார் எழுதும் முன் இதைப் படி

அன்பு மகள் சிட்டுவுக்கு உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் சித்தியும் சுகம், உன் அம்மாவும் அந்தக் கால் ஒன்றைத் தவிர சுகம், அங்கே நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். நடந்தது எல்லாம் நான் முன்பே சொன்னதுதான். அன்று காலையில் வானத்தைப் பார்த்ததுமே, இன்றைக்கு அண்ணியைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனால் திரும்பி வருவது லேசு இல்லை, பஸ்ஸில் ஒருத்தனும் உள்ளே தள்ளிப் போகமாட்டான், யாராவது கீழே நின்றுவிடப் போகிறார்கள் என்று அச்சுப் பிசகாமல் சொன்னேன். டிவியில் வானிலை சொல்கிறவர்கள் என்னிடம் டியூஷன் படிக்கலாம். நான் அன்று காலையில் குடை எங்கே என்று மட்டும்தான் கேட்டேன் என்பாள் உன் சித்தி, அதை நம்பாதே.

அந்தக் கண்டக்டர் மேல் புகார் எழுதி அவர் வேலையைத் தொலைத்துவிட்டுத்தான் மறுவேலை என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் வாசல்வரை போய்விட்டுத் திரும்புகிறேன், நேற்று டயர் கடையில் ஒட்டிய பஞ்சரையே மறுபடி ஒட்டிக்கொண்டிருந்தேனாம், என்னப்பா டியூபுக்குச் சட்டை தைக்கிறியா என்று முதலாளி கேட்கிறார். அதனால்தான் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன், படித்துவிட்டு முடிவு செய்.

ஆஸ்பத்திரியில் கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் உன் அம்மாவுக்கு எதிரில் நிற்பது ஆளா கம்பமா என்றே தெரியாது. மழையோ வானம் பொத்துக்கொண்ட மாதிரி. வந்த பஸ் ஒரு பக்கம் சாய்ந்தபடி வந்தது, உள்ளே நானூறு பேருக்குக் குறையாது. எங்கள் ஏற்பாடுதான் உனக்குத் தெரியுமே, நான் முதலில் பாய்ந்து ஏறி இடம் பிடிப்பேன், அண்ணி நிதானமாகப் பின்னால் ஏறி வருவார். இந்தப் பஸ் ஜனங்களைப் பற்றி நான் ஒரு புத்தகமே எழுதுவேன் சிட்டு. கீழே நிற்கும்போது, உள்ள போங்கய்யா, நடுவுல பந்தே விளையாடலாம் என்று கத்துகிற அதே வாய், ஒரு கால் படியில் வைத்ததும், எங்கம்மா ஏர்றீங்க, மூச்சு விடவே இடமில்ல, அடுத்த வண்டியில வாங்க என்கிறது. ஒரு அம்மாள் ஈரப் பையைச் சீட்டில் உட்காரவைத்துப் பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டிருக்கிறார். ஒருவர் குடைத்தண்ணீர் மொத்தமும் இன்னொருவர் செருப்புக்குள் போகிறது. புழுங்குது, ஜன்னலைத் திறங்க என்று நிற்கிறவர் சொன்னால், நீ வந்து இங்க உக்காந்து நனை, அப்புறம் திறக்கிறேன் என்கிறார் உட்கார்ந்திருக்கிறவர்.

கண்டக்டர் முன்னால் கூட்டத்தில் கழுத்தைக்கூடத் திருப்ப முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தார். பின்னாடி எல்லாரும் ஏறியாச்சா என்று கத்தினார். பின்வாசலில் மஞ்சள் ரெயின்கோட் போட்ட ஒரு தடியன், முகம் பானை மாதிரி, தகரத்தில் படார் படார் என்று இரண்டு தட்டுத் தட்டி, ஏறியாச்சு, போலாம் போலாம் என்றான். பஸ் நகர்ந்தது. நான் பார்க்கிறேன், உன் அம்மா கீழே நின்று கையை நீட்டிக் கம்பியைத் தேடுகிறார், கம்பி போய்விட்டது, கால் பிசகி ஓரத்துத் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். சிங்கம் மாதிரி ஒரு சத்தம் போட்டேன், பஸ்ஸே அடங்கிப்போனது. ரெயின்கோட்காரன் காலரைப் பிடித்து உலுக்கினேன், மன்னிச்சிருங்கண்ணே என்று நடுங்கினான். அடுத்த நிறுத்தத்தில் குதித்துக் கழுத்தளவு தண்ணீரில் நீந்தி, சரி, முழங்காலளவு என்று வைத்துக்கொள், திரும்பி ஓடினேன். கேட்டுக்கொள், அந்தக் கண்டக்டரும் என் பின்னாலேயே ஓடிவந்தார். எங்களுக்கு நேரமாகுது, உன் சேவையெல்லாம் வீட்டுல வச்சுக்கோ என்று பஸ்ஸே அவரைத் திட்டியது. அவர் காதில் போட்டுக்கொள்ளாமல் உன் அம்மாவைத் தூக்கிவிட்டு, ஒரு வாடகை வண்டியையும் மறித்துக் கொடுத்தார். கண்ணு மங்கலா இருக்கவங்களை முதல்ல ஏத்திட்டு அப்புறம் நீங்க ஏறுங்கண்ணே என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பார்த்து ஓடினார்.

கணுக்காலில் கட்டுப் போட்டிருக்கிறது, எலும்பு முறியவில்லை, பயப்படாதே. ஆனால் முந்தாநாள் உன் அம்மா, ஏன் தம்பி, போலாம்னு சொன்னது கேட்ட குரல் மாதிரி இருந்துச்சே என்றார். மழையில எல்லாக் குரலும் ஒரே மாதிரிதான் கேக்கும் அண்ணி என்றேன். அப்படித்தான் இருக்கும் தம்பி என்று தன் தட்டிலிருந்த முறுக்கை என் பக்கம் தள்ளினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நிறைவாக வாழவேண்டும், போகிற இடமெல்லாம் உனக்கு நல்லவர்களே வாய்க்கவேண்டும். மழையில் பஸ் படியில் நிற்காதே, ஈரத்தலையோடு தூங்காதே. புகாரை மட்டும் அனுப்பிவிடாதே, கண்டக்டர் மேல் ஒரு குற்றமும் இல்லை. மஞ்சள் ரெயின்கோட்காரனைத் தேடச் சொல்லியும் எழுதாதே, அப்படி ஒருவன் இல்லை. தகரத்தில் தட்டிப் போலாம் என்று சொன்னது நான்தான். அண்ணி முன்வாசலில் ஏறியிருப்பார் என்று நினைத்தேன் என்று எழுத வந்தேன், அதுவும் உண்மை இல்லை. பின்வாசலை ஒட்டி ஜன்னலோரம் நனையாத சீட் ஒன்று கிடைத்தது, உட்கார்ந்தபடியே தட்டினேன், அந்த ஒரு நிமிஷம் எனக்கு யார் நினைவும் வரவில்லை. கடிதத்தை ஒட்டியதும் அண்ணியிடம் போய்ச் சொல்லப்போகிறேன், நீ போனில் முந்திக்கொள்ளாதே.

இப்படிக்கு,
உன் சித்தப்பா