சாயும் முன் சீட்டு

தம்பிக்கு,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். இங்கே மொன்டேவிடியோவில் குளிர் தொடங்கிவிட்டது.

இனி செய்ய ஒன்றுமில்லை, அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆம்புலன்ஸில் வரமாட்டேன் என்கிறாள். அப்பாவின் வேன் குலுங்கினால் அவளுக்கு வலி தாங்கவில்லை. அதனால் செவ்வாய்க்கிழமை நானும் அப்பாவும் பழைய சொகுசு கார் ஒன்றைப் பார்க்கப் போனோம்.

விற்பவர் எவரிஸ்தோ இன்ஜினைத் திறந்து காட்டினார். அப்பா எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"முன் சீட்டு எவ்வளவு சாயும்?"

சாய்த்துக் காட்டியதும் அப்பா தானே அதில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். "கல்லு பாவின தெருவுல ஓட்டும்மா. மெதுவா."

துறைமுகத்துக்குப் பின்னால் மூன்று முறை சுற்றினேன். நெஞ்சின் மேல் மாத்தே தேநீர்க் குவளையைப் பிடித்திருந்தார். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"என்னய்யா, வாங்கறதுக்கு முன்னாடியே தூங்கிட்டீங்க!" பின்னாலிருந்து எவரிஸ்தோ சிரித்தார். "ரெண்டு வருஷம் கேரண்டி தர்றேன்."

"அவ்வளவு நாள் வேண்டாம்பா" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல்.

நான் அடுத்த தெருவில் திரும்பினேன். அழுகை வரவில்லை. வண்டி நன்றாக ஓடுகிறது என்று மட்டும் நினைத்தேன்.

வாங்கிவிட்டோம். வெள்ளிக்கிழமை காலை அம்மாவைக் கூட்டி வருகிறோம். நான் ஓட்டுவேன். அம்மா முன்னால் படுத்திருப்பாள். அப்பா பின்னாலிருந்து அவள் தலையைத் தாங்கிக்கொள்வார்.

அவர் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார இடம் இருக்கிறது.

உன் அக்கா