கூராண்டி கேட்டு

போர்ட் பிரி
மே 14, ஞாயிறு

அன்பு மகள் கெரினுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சௌகரியம், அவருடைய வலது முழங்காலையும் என் வாயையும் தவிர மற்றதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் ஐல்சாவும் சின்னவனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆபர்டீனில் மே மாதத்திலும் ஹீட்டர் போடுகிறோம் என்று சொன்னாய், கேட்டதும் எனக்கே கை விறைத்தது. போன் இருக்க ஏன் கடுதாசி என்று நினைப்பாய். போனில் நீ சொல்லும்மா சொல்லும்மா என்று அவசரப்படுத்துவாய், நான் வெயிலையும் மழையையும் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவேன், முப்பத்தைந்து வருஷமாக இப்படித்தான் பேச்சை மாற்றிக்கொண்டிருக்கிறேன். அதனால் இதை உட்கார்ந்து முழுக்கப் படி, நடுவில் எழுந்து டீ போடப் போகாதே.

உன் தம்பி டீன் போன வாரம் வந்தான், குளியலறைக்கு ஓடு பதித்துத் தருகிறேன் என்று பாதியை உடைத்துப் போட்டுவிட்டு வய்யாலாவுக்குத் திரும்பிப் போய்விட்டான், நாங்கள் பக்கெட்டில் குளிக்கிறோம், கேம்ப் போட்ட மாதிரியே இருக்கிறது என்று அப்பாவுக்கு ஒரே குஷி. கேம்ப் என்றதும் சொல்கிறேன், ஈஸ்டர் கழிந்த வாரம் நாங்கள் இரண்டு பேரும் பழைய டொயோட்டாவை எடுத்துக்கொண்டு வடக்கே போய்விட்டு வந்தோம். உன்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை, சொன்னால் இந்த வயசில் தேவையா என்று ஆரம்பிப்பாய். கண் டாக்டர் அப்பாவை இனிமேல் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார், அதனால் முதல் தடவையாக ஸ்டியரிங் என் கையில், உன் அப்பா பக்கத்து சீட்டில், மடியில் வரைபடம், வாயில் வர்ணனை. நான் கொஞ்சம் ஓரம் போனால் போதும், "லோரைன், அதோ தெரியுதே, அதுதான் ரோடு, அதுமேலயும் கொஞ்ச நேரம் ஓட்டிப் பாக்கலாம்" என்கிறார். எதிரே வருகிற வண்டிக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல் தூக்கி வணக்கம் வைக்க நான் மறந்தால், மரியாதை தெரியாதவளைக் கட்டிக்கொண்ட மாதிரி தலையில் அடித்துக்கொண்டு எனக்குப் பதிலாக அவர் தூக்குகிறார். ஹாக்கர் ஊரைத் தாண்டியதும் மண்சாலைக்காக இறங்கிச் சக்கரத்தில் காற்றைக் குறைத்தார், குனிந்தவருக்கு நிமிர முடியவில்லை, பிடித்துத் தூக்கினேன், இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வேலியில் இருந்த காக்கை பறந்துபோய்விட்டது.

வழியெல்லாம் உங்கள் ஞாபகம்தான். அந்தக் காலத்தில் பின்சீட்டில் நானும் டீனும், அவனுக்கு அலைவரி விழுந்த மண்சாலை வந்தாலே வாந்தி, ஐஸ்கிரீம் டப்பாவை அவன் மோவாய்க்குக் கீழே பிடித்தபடியே பாதித் தென் ஆஸ்திரேலியாவைப் பார்த்தவள் நான். முன்சீட்டில் நீ, பதினோரு வயசு, அப்பாவுடைய தொப்பி, காது வரைக்கும் இறங்கியிருக்கும். எந்த ரொட்டியைக் கடித்தாலும் மண், படுக்கையை உதறினால் மண், வீட்டுக்கு வந்து மூன்று வாரம் கழித்தும் உன் தலையைக் கழுவினால் தண்ணீர் சிவப்பாகத்தான் போகும். காய்ந்த ஓடையில் பெரிய யூகலிப்டஸ் மரத்துக்கடியில் அப்பா சாம்பலில் டாம்பர் ரொட்டி சுடுவார், மேலே கரி, உள்ளே பச்சை மாவு, இருந்தும் சர்க்கரைப்பாகை ஊற்றிக்கொண்டு நீங்கள் அடித்துக்கொண்டு தின்பீர்கள், ஒரு வாய்க்கு இரண்டு ஈ இலவசம் என்பார் அவர். சாயங்காலம் கலாக் கிளிகள் கூட்டமாக வந்து மரம் முழுக்கக் கத்தும், நீ அதற்கு மேல் கத்துவாய். அதைவிடச் சந்தோஷமாக நான் இருந்ததில்லை கெரின். 

பண்ணைக் கேட்டுகள்தான் உன் ராஜ்யம். முன்சீட்டில் இருப்பவர்தானே இறங்கித் திறக்க வேண்டும், ஒவ்வொரு பண்ணைக்குள்ளும் நுழையும்போது அப்பா கேட்பார், "கேட்டுக்குச் சட்டம் என்ன?" நீ சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, "திறந்திருந்தா திறந்தபடி, மூடியிருந்தா மூடினபடி" என்பாய். சங்கிலிக் கொக்கியை ஒரே இழுப்பில் கழற்றுவாய், துரையம்மா மாதிரி கையை ஆட்டி எங்களை உள்ளே விடுவாய். பண்ணைக்காரர்களே உன்னைப் பார்த்துத் தொப்பியைத் தொடுவார்கள்.

நான் எதைச் சொல்ல வருகிறேன் என்று இதற்குள் உனக்குத் தெரிந்திருக்கும். போன மாதம் போனில் ஜூலையில் வருகிறோம் என்றாய், பிள்ளைகளை அவுட்பேக் பாலைவனப் பக்கம் கூட்டிப்போக வேண்டும் என்றாய், நான் குதித்தேன். உடனே ஒரு சிரிப்புச் சிரித்து, "நீங்க கூட்டிட்டுப் போங்கம்மா, நான் வீட்டுல துணி துவைச்சுட்டு இருக்கேன், கேட்டெல்லாம் எனக்கு ஆகாதுன்னு தெரியுமில்ல" என்றாய். அந்தச் சிரிப்பு என்னைத் தூங்க விடவில்லை. நாங்கள் வடக்கே போனதே அதனால்தான், அப்பாவிடம் நான் சொல்லவில்லை.

கூராண்டிப் பண்ணைக்குப் போனோம். அதே கேட்டு, கெரின், அதே சங்கிலி, அன்றைக்கு மாதிரியே காற்றுக்குப் பாதி வந்து நின்றிருந்தது. அப்பா முனகிக்கொண்டே இறங்கினார், அகலத் தள்ளினார், நான் வண்டியை உள்ளே கொண்டுபோய் நிறுத்தி அவருக்காகக் காத்திருந்தேன். சும்மா இருக்கும்போது கண் எங்கே போகும், பக்கக் கண்ணாடிக்குத்தான் போகும். கண்ணாடி முழுக்கக் கேட்டு. அவர் அதைத் திறந்தபடியே கம்பத்துக் கம்பியில் மாட்டிவிட்டு நொண்டிக்கொண்டு வருவது வரைக்கும் ஒன்று விடாமல் தெரிந்தது.  பின்சீட்டிலேயே காலம் தள்ளினவளுக்கு இது எப்படித் தெரியும்? ஓட்டுகிறவருக்குத் தெரியும். அப்படியானால் அன்றைக்கு நீ கேட்டை எப்படி விட்டுவிட்டு வந்தாய் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அன்று நடந்ததை இப்போது நான் சொல்கிறேன், நீ அறிந்ததை அல்ல, நான் செய்ததை. அன்று மத்தியானம் நாம் உள்ளே வந்து ஓடையோரம் கூடாரம் அடித்தோம். பண்ணைக்கார டிரெஸைஸின் மனைவி ஒரு டின் நிறைய கேக் கொடுத்தனுப்பியிருந்தாள். நான் விறகு பொறுக்கிக்கொண்டே கேட்டுவரை போனேன். அதற்கு முந்தின வருஷம் வேறொரு இடத்தில் ஒரு காளை நம் கூடாரத்தை மிதித்து நாசம் பண்ணியது உனக்கு ஞாபகம் இருக்கும், டீன் தூங்கின இடத்துக்கு ஒரு முழம் தள்ளி. அந்தப் பயம் எனக்கு. தூரத்தில் ஏதோ பெரிதாக நின்றது, காளை என்றே நினைத்தேன், புதராகக்கூட இருக்கலாம். கேட்டை இழுத்து மூடிச் சங்கிலியை மாட்டினேன். காலையில் திறந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். காலையில் ரேடியோவில் மழை வருகிறது, பாதை சேறாகும் என்று சொன்னான், அள்ளிப் போட்டுக்கொண்டு அந்தக் கேட்டுப் பக்கம் போகாமல் வடக்கு வழியாக ஓடினோம். மழையும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை, வெயில்தான் கொளுத்தியது. மூன்றாம் நாள் வெந்நீர் ஊற்றில் நீயும் டீனும் முங்கி விளையாடிக்கொண்டிருந்தீர்கள், நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன், அப்போது ஞாபகம் வந்தது. வந்தது கெரின். மறந்துபோனேன் என்று மட்டும் நான் சொல்லிக்கொள்ள முடியாது. இருநூறு மைல் திரும்பிப் போக வேண்டும், நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள், யாராவது பார்த்துத் திறந்திருப்பார்கள் என்று மனசுக்கு ஒரு சமாதானம் சொல்லிவிட்டு மாவைப் பிசைந்தேன்.

ஆறாம் நாள் கேக் டின்னைத் திருப்பிக் கொடுக்கக் கூராண்டி வழியாக வந்தோம். அதன் பிறகு உனக்குத் தெரியும். முப்பத்தொரு ஆடுகள் வேலியை முட்டிக்கொண்டே தாகத்தில் செத்துக் கிடந்தன, அந்தப் பக்கம் கல்லெறி தூரத்தில் தொட்டி நிறையத் தண்ணீர். டிரெஸைஸ் அங்கேதான் நின்றிருந்தார். அப்பா இறங்கி, "கேட்ட யாரு மூடினது?" என்று கேட்டார். ஐந்து வயசு டீன் பட்டென்று, "கெரின்தான் கேட்டு!" என்றான். நீ, "நான் மூடலப்பா, திறந்து மாட்டிட்டுத்தான் வந்தேன்" என்றாய், அப்புறம் எங்கள் முகங்களைப் பார்த்தாய், உள்ளே வந்த அன்று மட்டும் பதினேழு கேட்டு திறந்து மூடின பிள்ளை, "மூடிட்டேனா? மூடியிருப்பேன்பா, மூடியிருப்பேன்" என்று விசும்பினாய். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். டின்னை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன். அந்த மனுஷர் டிரெஸைஸ் உன் முன்னால் குனிந்து, "பொண்ணு, அழாத, வெயில்தான் கொன்னுது, நீ இல்ல" என்றார். அப்பா, "கேட்டுக்கு ஓட்டறவன்தான் பொறுப்பு, என் தப்பு" என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி அவரோடு குழி தோண்டப் போனார். அடுத்த பயணத்தில் நீ முன்சீட்டை டீனுக்குக் கொடுத்தாய். அதற்கடுத்த வருஷம் பரீட்சை என்று சாக்குச் சொல்லி வரவே இல்லை. வீட்டில் இராத்திரி கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை போய்ப் பார்ப்பாய், நான் சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பெற்றவள் செய்கிற காரியமா இது?

கூராண்டி ஓடையில் அதே மரத்துக்கடியில் டீயைக் கையில் கொடுத்துவிட்டு அப்பாவிடம் கேட்டேன், அன்னிக்கு நீங்க கண்ணாடியில பாத்தீங்களா என்று. அவர் டீயை ஊதிக்கொண்டே, "பாத்தேன். திறந்துதான் இருந்துது" என்றார். அப்புறம், "அன்னிக்குச் சாயங்காலம் நீ விறகோட வந்தப்ப கையெல்லாம் சங்கிலித் துரு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெரிஞ்சுமா பிள்ளைய அழ விட்டீங்க, வாயில கொழுக்கட்டையா என்று கத்தினேன். அவர் கத்தவில்லை. "நீயா சொல்லுவேன்னு இருந்தேன். ஒரு நாளாச்சு, ஒரு வருஷமாச்சு, அப்புறம் சொல்ற வேளையே தாண்டிப் போச்சு. பழிய நான் ஏத்துக்கிட்டேனே, அது போதும்னு நினைச்சேன். பிள்ளைக்கு அது போதலைன்னு எனக்குத் தெரியல, லோரைன்" என்று சொல்லி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அது இரண்டாம் தடவை. அவரைக் கோபிக்க எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை, அவர் ஒரு பங்கு என்றால் நான் ஒன்பது பங்கு.

நீ அந்தக் கேட்டை மூடவில்லை, கெரின். திறந்தபடியே, சட்டப்படி, கம்பியில் மாட்டிவிட்டுத்தான் வந்தாய். மன்னித்துவிடு என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன், மறுபடி எழுதுகிறேன், மன்னித்துவிடு. உடனே பதில் போட வேண்டாம். போனில் இரண்டு வார்த்தை திட்ட வேண்டும் என்றால் திட்டு, இந்தத் தடவை நான் மழையைப் பற்றிப் பேச மாட்டேன்.

அந்தக் கேக் டின் இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது, அன்றைக்குக் கொடுக்கவே இல்லை, அதில் ஒரு நாளும் ஒரு பண்டம் வைத்ததில்லை. டிரெஸைஸுக்குத் தொண்ணூறு வயசு, மகன் வீட்டோடு கூராண்டியிலேயே இருக்கிறாராம். இந்தத் தடவையே போய்ச் சொல்லியிருப்பேன், ஆனால் முதலில் உனக்குச் சொல்ல வேண்டும் என்று வீட்டு வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். ஜூலையில் டின்னில் கேக் போட்டு எடுத்துக்கொண்டு போய் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லப்போகிறேன். நீ வந்தாலும் போவேன், வராவிட்டாலும் போவேன். வண்டி நான்தான் ஓட்டுவேன். முன்சீட்டில் உட்கார் என்று உன்னைக் கேட்கும் உரிமை எனக்கில்லை, காலியாக வைத்திருப்பேன், அவ்வளவுதான். ஐல்சாவுக்கும் இப்போது பதினோரு வயசு, அவளுக்குக் கேட்டுச் சட்டத்தை நீ சொல்லிக் கொடுத்தால்தான் சரியாக இருக்கும்.

பிள்ளைகளுக்குக் கெட்டிக் கம்பளிக் காலுறை எடுத்து வா, ஜூலை இங்கே குளிர்காலம், விடியற்காலை பாத்திரத்துத் தண்ணீரே உறைகிறது, பாலைவனம்தானே என்று மாப்பிள்ளை அரைக்கால் சட்டையோடு வந்து நிற்கப்போகிறார். ஐல்சாவுக்கும் சின்னவனுக்கும் என் முத்தம். எல்லோரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் மறைக்காமல், நன்றாக இருங்கள்.

உன் அம்மா,
லோரைன்

கெரின், அப்பா எழுதறேன், கண்ணு சரியில்ல, கோணலா இருக்கும். அம்மா எழுதினது எல்லாம் நிஜம். நீ கம்பியில மாட்டிட்டுத் திரும்பி என்னப் பாத்துக் கைய ஆட்டின. கண்ணாடியில பாத்தேன். நானும் ஆட்டினேன்.