கோலத்தைத் தாண்டிய ஷைனி

என் பிரியமான ராஜு அண்ணாவுக்கு,

அங்கே உனக்கு வாலிபால் கோர்ட் கிடைத்ததா? கிடைத்திருந்தால் இந்நேரம் தேவலோகத்தையே வரிசையில் நிறுத்தி, மரப்பெட்டி மேல் ஏறிக் குதிக்க வைத்திருப்பாய். பாவம் அவர்கள்.

இங்கே கரமனையில் உன் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. கழக்கூட்டத்துக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும், நீ வாலிபால் பயிற்சி கொடுத்த பெண்கள், நீ போன பிறகும் ஞாயிறு காலையானால் நம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள். நானோ கணக்கு ஆபீசில் உட்கார்ந்தே காலம் கழித்தவள், பஸ்ஸுக்குக்கூட ஓடினதில்லை. ஆனால் நீ சாப்பிடும்போதெல்லாம் ஓதியது காதில் கிடக்கிறதே. பலம் இருந்தால் போதாது, சட்டென்று வரவேண்டும், மெதுவாக வரும் பலம் மூட்டை தூக்கத்தான் லாயக்கு என்பாய். அதையே இடுப்பில் கைவைத்துச் சொல்கிறேன். நம்புகிறார்கள்.

ஷைனியைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். உன் அணியில் உயர எழும்பி அடிக்கும் விழிஞ்ஞத்துப் பெண். நீ கொடுத்த தாவல் பயிற்சியில்தான் அவள் முழங்கால் போயிற்று என்று கடைசி வரை உருகினாயே, அவள். குதிக்கலாம் என்று டாக்டர் சொல்லி மாதங்கள் ஆகியும் அவள் குதிக்கவில்லை. வருவாள், ஓரமாக நிற்பாள், பந்து பொறுக்கிப் போடுவாள். அடுத்த மாதம் கம்பெனிகளுக்குள் போட்டி. அதற்குள் பயம் தெளியாவிட்டால் அவள் இடத்தில் வேறொருத்தி.

போன ஞாயிறு பார்த்தால், தரையில் விரித்துக் கால்மாற்றி ஓட நீ வைத்திருந்த நாடா ஏணியை எலி குதறியிருந்தது. சரி என்று கோலமாவை எடுத்துத் தெருவில் கட்டங்கள் போட்டேன். கட்டத்தோடு நிறுத்தியிருக்கலாம். கை கேட்குமா? மூலைக்கு மூலை தாமரை, நடுவில் சங்கு, சுற்றிலும் காவி. நிமிர்ந்தால் ஏணியைக் காணோம், மார்கழி மாதம்தான் இருந்தது.

பெண்கள் கைகூப்பி நின்றுவிட்டார்கள். மிதிக்கத்தான் போட்டேன் என்று எவ்வளவோ சொன்னேன். எதிர்வீட்டு அம்புஜம் மாமி வேறு வந்து, கோலத்தை மிதித்தால் என்னவெல்லாம் ஆகும் என்று பெரிய பிரசங்கம் செய்தாள். ஒருத்தியும் கால் வைக்கவில்லை.

"பூஜைக்கு உள்ளதல்லே, ஆன்ட்டி? நான் சவிட்ட மாட்டேன்," என்றாள் ஷைனி.

அந்த நேரம் பார்த்து யார் கையிலிருந்தோ பந்து நழுவி உருண்டது. பழக்கதோஷம், ஷைனி பின்னாலேயே ஓடினாள். கோலம் காலடிக்கு வந்ததும், மிதித்துவிடுவோமோ என்ற பதற்றத்தில் ஒரே தாவலாகத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினாள். தாமரையில் ஓர் இதழ் கலையவில்லை. மாமிகூடப் பேச்சை நிறுத்திவிட்டாள்.

ஷைனி அங்கேயே உட்கார்ந்து முழங்காலைத் தடவிப் பார்த்தாள். சிரித்தாள். பிறகு அழுதாள்.

"கால் போன அன்னிக்கு நான் வார்ம்-அப் பண்ணாம சாடிக் குதிச்சது, ஆன்ட்டி. பண்ணியாச்சான்னு சார் கேட்டார், ஆச்சுன்னு பொய் சொன்னேன். பறையணும்னு இருந்தேன், அதுக்குள்ள சார் போயிட்டார்."

கேட்டாயா அண்ணா? உன் தப்பில்லை. முன்னாலேயே சொல்லியிருந்தால் நீ நிம்மதியாகத் தூங்கியிருப்பாயே என்று எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. திட்ட வாயெடுத்தேன். அவளோ இன்னொரு தடவை தாண்டட்டுமா என்று எழுந்துவிட்டாள்.

இனி வார்ம்-அப் செய்யாத ஒருத்தியையும் கோர்ட்டுக்குள் விடமாட்டேன், இது சத்தியம். கூடவே நானும் செய்யப்போகிறேன். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால் அந்தப் பழியை மட்டும் நீ வைத்துக்கொள்.

உன்னை இன்னும் திட்டிக்கொண்டிருக்கும் தங்கை,
கோமதி