நாலாம் நாள் குளியல்

பீரோவில் மின்கட்டண அட்டையைத் தேடும்போது உன் ஸ்கேன் படம் கையில் வந்தது. வழவழப்பான தாள். கருப்பு வெளிறிச் சாம்பலாகிவிட்டது. கட்டியை அளக்க வைத்த இரண்டு கூட்டல் குறிகள் மட்டும் தெரிகின்றன.

மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குவாய். "அதுக்குள்ள கெழவியாயிட்டியா?" என்று கேலி செய்வேன். மில்லில் மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே அதன் கோளாறைச் சொல்கிறவன் நான்.

பாளையங்கோட்டையில் டாக்டரம்மா உன் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வெளுத்திருந்தது. "மாசம் எத்தன நாளு போகுது?" என்று கேட்டார். நீ வாயைத் திறக்குமுன் என் அம்மா சொன்னாள்: "மூணு நாளுதான். நாலாம் நாளு தலைக்குக் குளிச்சிட்டு அடுப்படிக்கு வந்திருவா."

டாக்டர் என் அம்மாவை வெளியே உட்காரச் சொன்னார். "இப்பச் சொல்லு தாயி."

"பத்து நாளு. சில மாசம் பன்னெண்டு."

"பொறவு எதுக்கு நாலாம் நாளே குளிச்ச?"

"வீட்டுல வேல கெடக்குல்லா."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரைக்குப் பின்னால் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, கர்ப்பப்பை பெருத்திருக்கிறது, கட்டியாக இருக்கலாம், ஸ்கேனில் உறுதியாகும் என்றார். ரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார். மூத்திரப்பை நிறைந்தால்தான் படம் தெளியுமாம். செம்பு செம்பாகக் குடித்தாய். "தாமிரபரணியே உள்ள கெடக்கு, பைய நடங்க" என்றாய். ஒலி உள்ளே போய்த் திரும்பி வந்து படமாகிற விதத்தை நான் விளக்க ஆரம்பித்தேன். "பாடம் எடுத்தது போதும். எப்பக் கூப்பிடுவாங்கன்னு கேளுங்க."

கட்டிதான், புற்று போலத் தெரியவில்லை என்றார்கள். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து நிம்மதியாகத் தூங்கினாய். அப்படி நீ தூங்கி நான் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் உடனே உன்னைப் படுக்கையில் சேர்த்து ரத்தம் ஏற்றினார்கள். இத்தனை காலம் குறைந்த ரத்தத்தோடு ஓடிய இதயம், அதற்குமேல் தாங்காமல் நின்றுவிட்டது.

நேற்று ஏரலிலிருந்து என் தங்கச்சி வந்தாள். வாசலிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். அம்மா இருக்கும்போதே கேட்டேன்: "மாசம் எத்தன நாளு போகுது ஒனக்கு?"

"என்ன கேள்வி கேக்க நீ?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்த அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, உள்ளதச் சொல்லு."

எட்டு நாளாம். நாளைக்கு டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். உன்னிடம் நான் ஒருநாளும் கேட்காத கேள்வி அது.