பெருமாள் அமுதுசெய்த பவுடர்

அன்புள்ள உங்களுக்கு,

இருந்தவரை பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பரமபதம் போய்விட்டீர்கள் என்பதற்காக இப்போது ஆரம்பிக்கப் போவதுமில்லை. அங்கே சௌக்கியம்தானே? இங்கே சின்ன காஞ்சிபுரத்தில் உங்கள் பெண் அலமு டெஸ்டில் ஃபெயிலாகிவிட்டாள். பதறாதீர்கள், பி.காம். பரீட்சை இல்லை. சிறுநீர்ப் பரிசோதனை.

விவரமாகச் சொல்கிறேன். குண்டு எறிதலில் பல்கலைக்கழக அணிக்கே தேர்வாகிவிட்டாள். கோச் செல்வம், "உடம்புல தெம்பு வேணும், தெனம் முட்டை சாப்டுமா" என்றார். நம் வீட்டில் முட்டையா? அந்த வார்த்தை காதில் விழுந்ததற்கே உங்கள் அண்ணா ஒரு தடவை தலைக்குக் குளித்துவிட்டு வந்தார். அதனால் அலமு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் சத்துப் பவுடர் டப்பா வாங்கி வந்தாள்.

பாலில் செய்தது என்று டப்பாவில் போட்டிருந்ததைப் பார்த்ததும் அண்ணாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பெருமாளுக்குக் காட்டாம இந்த ஆத்துல எதுவும் வாய்க்குள்ள போகப்படாது" என்றார். நான் பாலில் கலக்கிக் கொடுக்க, துளசி போட்டு, மணி அடித்துக் கண்டருளப்பண்ணினார். காலமெல்லாம் தயிர்சாதமும் பொங்கலும் பார்த்த பெருமாள் அன்றுதான் சாக்லேட் வாசனை பார்த்தார். அப்புறம் தினமும் அலமுவுக்கு ஒரு தம்ளர், அண்ணாவுக்கு அரை தம்ளர். முழங்கால் வலி பறந்துபோச்சு என்று வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்து காட்டினார்.

கொஞ்ச நாளில் அலமு தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "பெரியப்பா, இதைக் குடிச்சா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கறது. கோச்சுகிட்ட காட்டிட்டுக் குடிக்கறேனே."

வந்ததே கோபம்! "பெருமாள் அமுதுசெஞ்ச பிரசாதத்தை வேண்டாங்கறதாவது? அதை விசில் ஊதற மனுஷன் வந்து சோதிக்கறதாவது!"

நானும் தம்ளரை நீட்டினேன். அவள் குடித்தாள்.

போட்டிக்கு முன்னால் எல்லோருக்கும் எடுத்த சிறுநீர்ப் பரிசோதனையில் அகப்பட்டுக்கொண்டாள்; விளையாடுகிறவர்கள் சாப்பிடக் கூடாத ஏதோ மருந்து, டப்பாவில் எழுதாமலே அதில் கலந்திருந்ததாம். அணியிலிருந்து நிறுத்தி, விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். "நான் விக்கிறவன்மா. துன்னச் சொன்னது நானா?" என்றார். கோச்சைக் கேட்டால், "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கினு சாப்ட்டா இன்னா? நான் முட்டைதானேமா சொன்னேன்!" என்று அவர் பங்குக்குக் கத்தினார். ஆளாளுக்குக் கை கழுவினால், அந்தக் குழந்தை எங்கே போகும்?

விசாரணைக்குச் சென்னைக்கு அண்ணாவும் வந்தார். "அவள் சாப்பிட்டது பவுடர் இல்லை, பிரசாதம். நானும்தான் சாப்பிட்டேன், எனக்கு என்ன வந்தது?" என்று வாதாடினார். அவரைப் பரிசோதித்திருந்தால் அவரும் ஃபெயில்தான்.

விசாரித்த அம்மாள் நல்ல மாதிரி. "யாராச்சும் வற்புறுத்திக் குடுத்தாங்களாம்மா? அப்படின்னா தண்டனையைக் குறைக்கலாம்" என்றார். அண்ணாவின் சத்தம் சட்டென்று இறங்கிவிட்டது. "சொல்லுடி குழந்தே, பெரியப்பாதான்னு சொல்லு" என்றார். அது பொய்யும் இல்லையே?

அலமு எழுந்து நின்றாள். "பெரியப்பா குடுத்தார், மேடம். அம்மாவும் குடுத்தா. ஆனா எனக்குச் சந்தேகம் வந்துது. வந்த அப்பறமும் குடிச்சேன். அது என் தப்பு."

ஒரு வருஷத்துக்கு எங்கேயும் எறியக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அண்ணா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் தலையில போட்டிருக்கலாமே, எதுக்குடி என்னைக் காப்பாத்தினே?" என்று கேட்டார்.

"உங்களைக் காப்பாத்தலை பெரியப்பா. பழியை உங்க மேல போட்டுட்டா, அடுத்த தடவை நீங்க குடுக்கறதையும் வாயை மூடிண்டு குடிக்கணும். வேண்டாம்னு சொல்ற பாத்யதை எனக்கு வேணும்."

காஞ்சிபுரம் வந்து சேர்ந்ததும் உங்கள் அண்ணா அந்த டப்பாவைத் தன் கையாலேயே குப்பையில் கொட்டினார். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியாதா?

ஒன்று மட்டும் சத்தியம் செய்து தருகிறேன். இனி அவள் ஒன்றை வேண்டாம் என்றால், பெருமாளே எழுந்து வந்து நீட்டினாலும், நான் அவள் பக்கம்தான் நிற்பேன்.

உங்கள் ஆத்துக்காரி,
அலமுவின் அம்மா