மகாவலிக்கு மேலால் ஒரு கட்டளை

ஐப்பசி, ஞாயிறு இரவு.

நாளைக்கு என் தங்கச்சி மகன் ரவி மூதூருக்குத் திரும்புகிறான், கொட்டியாரக் குடாவில் இறால் பிடிக்க. இறால் இரவில், தண்ணீர் வற்றும்போதுதான் வலைக்கு வரும். ஆனால் இது சண்டைக்காலம், இருட்டினபிறகு கடலில் நின்றால் நேவி சுடும். தங்கச்சி அழுத அழுகையில் கண்டி வாவி ஒரு முழம் உயர்ந்துவிட்டது.

பின்னேரம் அவனைப் பேராதனைப் பாலத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். கீழே, கடைசியில் அந்தக் கொட்டியாரக் குடாவிலேயே போய் விழுகிற மகாவலி தேத்தண்ணி நிறத்தில் புரண்டது.

"பாரடா, உன்ர குடாவுக்கு நான் அனுப்பிற கலங்கல்! கலங்கின தண்ணியில இறாலுக்குப் பகலும் இரவுதான். பகலிலேயே வலையைப் போடு" என்று மகாராசா போல அறிவித்தேன்.

"மாமா, நடுவில எத்தினை அணை கட்டியிருக்கிறாங்கள்! உங்கட கலங்கல் அங்க வராது."

அணைகளை மறந்தே போனேன். ஆனாலும் நான் அசருகிற ஆளா? "அணைக்கு அங்கால பெய்யிற மழையும் என்ர ஆள்தான்!"

சிரித்தான். "ஓம் மாமா, மழை பெய்து கலங்கினால் பகலிலதான் இறங்குவன். பொழுதுபட முன்னம் கரைக்கு வந்திடுவன்."

கலங்காவிட்டால் என்ன செய்வான் என்று நான் கேட்கவில்லை. இதை எழுதும்போது வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஹந்தானை மலை மேகங்களுக்கெல்லாம் உத்தரவு போட்டாயிற்று: ஒன்றுவிடாமல் மூதூருக்குப் போங்கள், உங்களை எந்த அணையும் மறிக்காது.